ஆறு இலக்கம்

திருக்கோவிலில் கச்சேரி முடிந்து
வான் கல்முனை தாண்டும்போது
அந்த மின்னஞ்சலைத் திறந்தது நான்தான்.
புது ஹெட்போன் கம்பனியாம்,
எங்கள் பாட்டுகள் பிடித்திருக்கிறதாம்,
ஒப்பந்தம் உள்ளே இருக்கிறதாம்.
மடிக்கணினி மடியில் சுட்டது.
நாலு மணித்தியாலம் கீபோர்ட் வாசித்த விரல்
ஒருமுறை தட்டியது.

விடியக் கல்லடியில் இறங்கித்
தேத்தண்ணி ஊற்றும்போது தம்பி கத்தினான்.
உப்புக்காற்று என்ற எங்கள் பேர் இல்லை.
நாற்பத்தொரு பாட்டும் இல்லை.
அந்த இடத்தில் கோட்டுப் போட்ட ஒருவன்
கையில் பிடிக்க முடியாத நாணயம் விற்கிறான்.
ஒன்று அனுப்பினால் இரண்டு தருவானாம்.
எங்கள் ஆட்கள் பன்னிரண்டாயிரம் பேர்
அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

பூட்டை உடைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.
பூட்டு இருந்தால்தானே.
கடவுச்சொல், குழுவின் பேரும் தொடங்கிய வருஷமும்.
சவுண்ட்கார ஜெமீலுக்குத் தெரியும்.
ஆரையம்பதியில் போஸ்டர் அடிக்கிற பொடியனுக்குத் தெரியும்.
ஒரு இரவு ஜெனரேட்டர் தந்தவருக்கும்
என்ன தேவைக்கென்று நினைவில்லை,
பிஸ்கட் பெட்டி மட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மீட்கலாம் என்றது திரை.
பழைய போனுக்கு ஒரு குறியீடு வரும்.
கடைசி இரண்டு எண்ணை மட்டும் காட்டியது:
ஏழு, நான்கு.
எர்வினுடைய நம்பர்.

எர்வின், டிரம்ஸ். டச்பார் வீடு.
கலியாண வீட்டுக் காசு எட்டாயிரத்தில் தகராறு;
குச்சிகளை வானிலேயே விட்டுவிட்டு
தோஹாவுக்குப் போய் ஒன்றரை வருஷம்.
திரை தந்தது ஏழு நாள்.
ஆறு நாள் வேறு வழி தேடினேன்.

"ஆரு?" என்றான்.
சொன்னேன்.
"போன மாசம் உன்ட பேரில ஒருத்தன் காசு கேட்டவன் கா.
நீ நீதானெண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"
கோபம் வந்தது.
பிறகு, அந்த வானுக்குள்
நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான் என்று பட்டது.

"களுதாவளையில கரண்ட் போன நேரம்
நான் என்ன செஞ்சன்?"

மேடை இருட்டு. கீபோர்ட் செத்துப்போயிற்று.
மைக் இல்லை. சனம் கூக்காட்டத் தொடங்கிவிட்டது.
"நீ நிப்பாட்டல்ல" என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம்.
"வந்திருக்கு. ஒருத்தருக்கும் சொல்லாதீங்க எண்டு
போட்டிருக்கே, சொல்லட்டா?"
இருவரும் சிரிக்கவில்லை.
மூன்று இலக்கம் அடுக்கி,
ஒரு மூச்சு விட்டு,
மற்ற மூன்று.
பாட்டு திரும்புகிற இடத்தில்
அவன் எப்போதும் விடுகிற அதே அளவு.

மறுகா கேட்டான்:
"பாட்டுக்குக் கீழ என்ட பேர் கிடக்கா?"

பாட்டுகள் ஒவ்வொன்றாய் எழும்பி வந்தன.
திருடன் ஒளித்துத்தான் வைத்திருந்தான்,
ஒரு எழுத்தையும் தொடவில்லை.
குரல், நஸ்மியா. கிற்றார், சுலக்சன். கீபோர்ட், தர்மிகா.
டிரம்ஸ் என்ற சொல்லே எங்கும் இல்லை.
அதை அழித்தவளுக்குக்
கடவுச்சொல் தெரிந்திருந்தது.

"பாத்துச் சொல்றன்" என்று வைத்துவிட்டேன்.

அன்றிரவு புதுச்சொல் வைத்தேன்.
நீளம். அர்த்தம் கிடையாது. மட்டையில் எழுதவில்லை.
இந்தக் கவிதையிலும் இல்லை, தேட வேண்டாம்.
எர்வின் நம்பரை எடுத்துவிட்டு என்னுடையதைப் போட்டேன்.
எடுக்கத்தான் வேண்டும், அது வேறு விஷயம்.
பிறகு முதல் பாட்டைத் திறந்து
டிரம்ஸ், எர்வின் செல்லர்.
சேமி.
இரண்டாவது. சேமி.
வாவிப் பக்கம் ஒரு எஞ்சின் தோணி போய்
சத்தம் அடங்கியது.
பதினேழாவதில் திரை நிறுத்திக் கேட்டது,
ஒரே இரவில் இவ்வளவு மாற்றம்,
இது நீங்கள்தானா?

ஓம் என்பதைத் தட்டினேன்.
இன்னும் இருபத்துநான்கு பாட்டு.
எட்டாயிரத்தைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை,
நானும்தான்.